இருபது நாள் வெயில்

முழங்கால் இரண்டும் கடுத்தன. நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்து நின்றுகொண்டே இருந்தான் கொம்பையா. சித்திரை மாதம், உச்சிப்பொழுது, கடலிலிருந்து அரை மைல். தலைக்கு மேல் சூரியன் இருக்கத்தான் செய்தது. வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. கம்பளித் தொப்பி, இரண்டு சட்டை, அதற்கு மேல் வெயில் வாரியம் கொடுத்த நீலக் கோட்டு, முழங்கை வரை ஏறிய ரப்பர் கையுறை. இத்தனை போட்டும் எலும்புக்குள் போன குளிர் வெளியே வருவதாக இல்லை.

இதே மண்ணில் இருபது வயதில் வெறும் கோவணத்தோடு உப்பு வாரியவன் அவன். அப்போது குதிகால் வெடித்துப் புண்ணாகும், கண் கூசித் தண்ணீராக வடியும், மூத்திரம் மஞ்சளாகக் கடுத்துப் போகும். அந்த வலியெல்லாம் அப்பன் பட்டது, அப்பனுக்கு அப்பன் பட்டது. குளிரில் கால் கடுப்பது மட்டும் அவன் வம்சத்தில் யாரும் படாத புது வலி. அதற்கு என்ன பச்சிலை, என்ன எண்ணெய் என்றுகூட பெரியளத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அவன் முன்னால் கட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. செங்கல்லைவிடப் பெரிது, சாம்பல் நிறம், ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. தொட்டால் ஆற்றுக்கல் மாதிரி சில்லென்று இருக்கும். ஆனால் ஒரு பாத்தியில் ஒரு நாள் முழுக்க அடிக்கிற வெயில் ஒரு கட்டிக்குள் அடங்கியிருந்தது. உப்பு விளைந்தபிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை முன்பெல்லாம் ஓடையில் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரை ஐந்து தடவை அலசி, உப்பு ஒரு பரல்கூட இல்லாமல் எடுத்துவிட்டு, வார்த்துக் காயவைத்தால் அது வெயிலைக் குடித்துப் பூட்டிக்கொள்ளும் என்று யாரோ எங்கோ கண்டுபிடித்தார்கள். பத்து வருஷம் கிடங்கில் கிடந்தாலும் சூடு வெளியே போகாது. வடக்கே குளிர்நாட்டில் கொண்டுபோய், திறவு என்று ஒன்றை வைத்தால் பூட்டு விடுபடும். ஒரு வீடு ஒரு பகலும் ஓர் இரவும் கதகதப்பாக இருக்கும். அந்தத் திறவு என்ன பொருள், எப்படிச் செய்வது என்பது மட்டும் இந்தக் கரைக்குத் தெரியாது. வடகடல் கூட்டு என்ற கம்பெனியின் கையில் இருந்தது அது.

கட்டி கப்பலில் போகும். திரும்பி வருகிற கப்பலில், அதே கட்டியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, திறவு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, கணப்புப் பெட்டி என்று கொண்டுவந்து விற்றார்கள். ஒரு பெட்டி கொம்பையாவின் எட்டு நாள் கூலி.

அவன் அன்று மூன்றாவது முறையாக மேஸ்திரியிடம் போய் நேரத்தோடு வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்டான். மேஸ்திரி கப்பல் காத்திருக்கிறது என்று ஆரம்பித்து, கொம்பையாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். போ என்று கையைக் காட்டினான். ஊருக்கே தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவனுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஆயிரத்து அறுநூறு கிராம். இன்றோடு ஆறு நாள்.

வாசலில் வழக்கம்போலச் சோதனை. உள்ளே போகும்போது கால் கழுவ வேண்டும், சோறு கொண்டுபோகக் கூடாது, கையுறையைக் கழற்றக் கூடாது. வெளியே வரும்போது கோட்டை உதறிக் காட்ட வேண்டும். முதல் வருஷம் கையுறை கொடுத்தபோது, கொம்பையா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பூரணத்திடம் காட்டினான். உப்பளத்தில் எந்த முதலாளி நம் கையைப் பற்றிக் கவலைப்பட்டான் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பெருமைப்பட அப்போது காரணமும் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, முதல் மூன்று வருஷம் பெரியளத்துக்கு நல்ல காலம். ஓலைக் குடிசையெல்லாம் காரை வீடானது. கால் புண் ஆறியது. மழைக்காலத்தில் பட்டினி கிடப்பது நின்றது. தார் ரோடு வந்தது, பள்ளிக்கூடத்துக்கு மாடி வந்தது, சுகாதார நிலையத்தில் பிரசவ அறை வந்தது. மாநிலமே வளர்கிறது, ஆசியாவிலேயே வேகமான வளர்ச்சி என்று டிவியில் அம்புக்குறி மேலே மேலே போனது. பாத்திகளின் மேல் கட்டியைப் பரப்பியதால் வெயிலும் குறைந்து ஊர் சுகமாகத்தான் இருந்தது. சித்திரையில் போர்வை கேட்குது என்று சிரித்தார்கள்.

நாலாம் வருஷம் சிரிப்பு நின்றது. வடகடல் கூட்டோடு வாரியம் போட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருந்த கட்டிக்கும் ஏற்றிய கட்டிக்கும் வருஷாவருஷம் துண்டு விழுந்து பாக்கி சேர்ந்துவிட்டது என்றார்கள். பாக்கியை அடைக்க இழுவை என்றொரு யந்திரத்தைக் கொண்டுவந்து ஊரைச் சுற்றி நட்டார்கள். வெயில் மட்டும் போதவில்லை, மண்ணில் இருந்த சூட்டையும் காற்றில் இருந்த சூட்டையும் அது உறிஞ்சிக் கட்டியில் ஏற்றியது. பனை பாளை விடவில்லை. மிளகாய் பழுக்கவில்லை. கடைசியில் உப்பு விளையவில்லை. உப்பளத்துக்காரர்கள் கடையில் பாக்கெட் உப்பு வாங்கினார்கள். கண்ணாடி மாவு மாதிரி இருக்கும் அது, அதுவும் கப்பலில் வந்தது. அரிசியும் கப்பலில்தான். கரண்டெல்லாம் இழுவைக்கே போனதால் வீட்டுக்கு விளக்கும், ஒரு நேரம் அடுப்பும் எரிய மட்டும் விட்டார்கள்.

வீட்டில் ரெஜினா சிஸ்டர் வந்திருந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துப் பெண். பிள்ளை பூரணத்தின் நெஞ்சோடு நெஞ்சாக, நாலு சேலைக்குள் இருந்தது. உள்ளங்கை அகலத் தலை. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

ரெஜினா அவனை வெளியே கூப்பிட்டாள். பூரணத்துக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, இன்னும் ரெண்டு நாள் அவள் நெஞ்சில் போட முடியாது, நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். அவன் போட்டுக்கொள்கிறேன் என்றான். அது போதாது என்றாள். அறையே பதினாலு டிகிரியில் கிடக்கிறது, சேலையை விலக்கிப் பால் கொடுக்கும் நேரம் பிள்ளை நீலம் பாய்கிறது. விறகு மூட்டினால் புகை இந்த நுரையீரலுக்கு ஆகாது.

“நிலையத்துல வச்சுக்கிட முடியாதா சிஸ்டர்?”

“நிலையம் இதைவிடக் குளிரு அண்ணே. மூணு தொட்டில் இருக்கு. மூணுக்கும் கணப்புப் பெட்டி தீந்து போச்சு. நாம கட்டி குறைச்சா ஏத்துறோம்னு சொல்லி, பெட்டி ஏத்தின கப்பலை வெளியவே நிறுத்தி வச்சிருக்காங்க. டவுன்லயும் அதே கதைதான். ஒரு தொட்டில்ல ரெண்டு பிள்ளை கிடக்கு.”

“எத்தனை நாளைக்கு வேணும்?”

“ரெண்டு கிலோ வரணும். இருபது நாள்.” அவள் தன் பையைத் தோளில் மாட்டினாள். “இருபது நாள் கதகதப்பா இருந்தா போதும், அப்புறம் அதுவே பொழைச்சுக்கும். பெண் பிள்ளை கெட்டி.”

ரெஜினா நிலையத்துக்குத் திரும்பினாள். இருபது நாளைக்குப் பெட்டி வாங்கக் கடையில் பெட்டியே இல்லை. காசு இருந்தாலும் இல்லை. கொம்பையா திண்டாடிப்போய் வாசற்படியில் உட்கார்ந்தான். வாரியத்தின் யார்டில் அன்று காலை அவன் கையால் அடுக்கிய கட்டி நானூறு.

பிரசவம் பார்க்க வந்த அவன் அக்கா முத்துக்கனி அப்போதுதான் உள்ளேயிருந்து மண்கலயத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவர் போனவர் எல்லாரும் பதினோரு வருஷத்துப் பிள்ளை, பதினோரு வருஷத்துப் பிள்ளை என்று கண்ணு வைத்துவிட்டார்கள், சுத்திப் போட வேண்டும் என்றாள். கலயத்தில் கல்லுப்பு. ஆறு வருஷத்துக்கு முன் கடைசியாக வாரிய உப்பு. உப்புக் கலயம் வீட்டில் காலியாக இருக்கக் கூடாது என்று அவள் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். தம்பி வீட்டுக்கு வரும்போது பிள்ளைக்கு ஆகுமே என்று எடுத்து வந்திருந்தாள். பாக்கெட் உப்பில் சுத்தினால் கண்ணு கழியாதாம்.

மூன்று தரம் சுற்றினாள். பிள்ளையின் தலையைச் சுற்றி, பூரணத்தின் தலையைச் சுற்றி. சுற்றிய உப்பை எரிகிற அடுப்பில் போட்டால் படபடவென்று வெடிக்க வேண்டும். அடுப்பு கரண்டு அடுப்பு. அதுவும் கரண்டு இல்லாத நேரம். வெளியே எறியச் சொன்னான் கொம்பையா. யாராவது மிதித்தால் அவர்களுக்குப் போகும் என்று அக்கா அதட்டினாள். சாயங்காலம் கடலில் போட்டுக்கொள்ளலாம் என்று, கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த உடைந்த கட்டியின் பள்ளத்தில் அந்தப் பிடி உப்பை வைத்தாள். வாரியம் கழித்துப் போட்ட மூளிக்கட்டி அது. பெரியளத்தில் எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று கதவுக்குக் கிடக்கும். திறவு இல்லாத கட்டி கல்லுக்குச் சமம், அதனால் வாரியம் அதைக் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் உப்பு வெடித்தது.

முதலில் ஒரு பரல். பிறகு நாலைந்து. பிறகு அடுப்பில் போட்டது மாதிரி படபடவென்று. முத்துக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அடி ஆத்தா, அம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு என் பிள்ளைக்கு” என்றாள். கொம்பையாவின் முதுகில் சூடு பட்டது. அவன் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷம் கழித்து முதுகில் படுகிற வெயில். பிறகு மெல்ல எழுந்து, கையுறை இல்லாத கையைக் கட்டியின் மேல் நீட்டினான். சித்திரை மாதத்துப் பாத்தி வரப்பில் கை வைத்தது மாதிரி இருந்தது.

கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். அரை மணி நேரத்தில் அறை மாறியது. பூரணம் பிள்ளையைச் சுற்றிய மேல்சேலையை விலக்கினாள். பிள்ளையின் உதடு சிவந்தது. ஆறு நாளில் முதல் தடவையாகச் சத்தமாக, ஊருக்குக் கேட்கிற மாதிரி அழுதது. பூரணம் காய்ச்சலோடு சிரித்தாள்.

“இங்க பாருங்க, கோவத்தை. உங்களை மாதிரியே.”

மூளிக்கட்டி சாயங்காலம் வரை தாங்காது என்று அவனுக்குத் தெரிந்தது. கால் கட்டிதான் மிச்சம். எப்போதோ உடைந்த பங்கோடு மீதிச் சூடும் போயிருக்கும். அவன் கலயத்தைப் பார்த்தான். முக்கால் கலயம் உப்பு இருந்தது. அக்காவிடம், இதை வெளியே யாரிடமும் மூச்சு விடாதே என்றான். எதை என்று கேட்டாள் அவள். அவளுக்கு அது இன்னமும் கண்ணேறு கழிந்த விஷயம்தான்.

ஞானதுரை வாரியத்தில் அளவை அதிகாரி. ஒன்பது வருஷத்துக்கு முன் கொம்பையாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவன். பத்தாம் வகுப்புப் படித்திருந்ததால் அவனை எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் முன்னால் கொம்பையா அவனை சார் என்பான். தனியாக இருந்தால் வாடா போடா. அவன் அறையில் ஒரு கணப்புப் பெட்டி இருந்தது. அதன் மேல் தேநீர்க் கிளாஸை வைத்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பிற்பகலே அங்கே போய், கொம்பையா கதவைச் சாத்திவிட்டு நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்தபோது ஞானதுரை ஆச்சரியப்படுவான், நாற்காலியை விட்டு எழுவான் என்று நினைத்திருந்தான். அவன் தேநீரை ஒரு மடக்குக் குடித்தான்.

“யார்ட்டலாம் சொன்ன?”

“பூரணத்துக்குத் தெரியும். அக்கா பாத்தா, ஆனா என்ன பாத்தோம்னு அவளுக்குத் தெரியாது.”

“நல்லது. அப்படியே இருக்கட்டும்.”

“ஒனக்குத் தெரியுமா?”

“நாலு வருஷமாத் தெரியும் மாப்ள. எனக்கு மேல உள்ளவங்களுக்கு அதுக்கும் முன்னாலயே தெரியும். தண்ணியில கரைஞ்ச உப்பு ஆகாது. பரல் வேணும். ஒரு பரல் பட்டாப் போதும், கட்டி தன்னால விட்டுக் குடுத்துரும். அதான் திறவு. அவங்க அதுக்கு ஒரு டப்பா செஞ்சு, பேரு வச்சு, விலை வச்சிருக்காங்க. கடை உப்புல பரல் கட்டியோட ஒட்டாம இருக்க ஏதோ பூசித்தான் அனுப்புதாங்க.”

கொம்பையா தன் கையைப் பார்த்தான். பிறகு மேசையின் ஓரத்தில் கழற்றி வைத்திருந்த கையுறையைப் பார்த்தான்.

“அப்ப இந்தக் கையுறை?”

ஞானதுரை கிளாஸைக் கணப்புப் பெட்டியின் மேல் திரும்ப வைத்தான். “வேர்வை காஞ்சா உப்புப் பூக்கும்லா. நம்ம சட்டை முதுகுல வெள்ளை வெள்ளையா கோடு விழுமே. அது கட்டியில பட்டா கப்பல்லயே பாதி கசிஞ்சிரும். கையுறை கட்டிக்குத்தான். கைக்கு இல்ல.”

வெளியே லாரி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கொம்பையாவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பூரணத்திடம் கையுறையைக் காட்டிப் பெருமையடித்த அந்தச் சாயங்காலம்தான் வந்தது. அப்படியானால் நாம் ஏன் இப்படிக் கிடக்கிறோம் என்று கேட்டான். யார்டில் லட்சக்கணக்கில் கட்டி இருக்கிறது. திறவு நம் கையிலேயே இருக்கிறது. உப்பு விளைய வைப்பது நமக்குத் தெரியாதா? நாலு பாத்தியைத் திறந்துவிட்டால் உப்பு.

“கட்டி யாரோடது?” என்றான் ஞானதுரை.

“நம்ம வெயிலு.”

“வெயிலு நம்மளது. கட்டி அவங்களது. அடுத்த பன்னெண்டு வருஷத்து வெயிலை முன்னாடியே வித்தாச்சு. அந்தக் காசுதான் ரோடு, பள்ளிக்கூடம், ஒன் வீடு, இந்தா இந்த நாற்காலி. செலவழிச்சாச்சு. இப்ப திறவு தெரிஞ்சு என்ன, தெரியாம என்ன?” குரலைத் தாழ்த்தினான். “இதே கரையில வடக்க ஒரு உப்பளத்துல ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதையே கண்டுபிடிச்சாங்க. முன்னூறு கட்டியைத் திறந்தாங்க. ஊரே கதகதன்னு ஒரு வாரம் கொண்டாடிச்சு. பொங்கல் வச்சாங்களாம். அடுத்த கப்பல் சரக்கை இறக்காமத் திரும்பிட்டு. ரெண்டு மாசம் அரிசி இல்ல, ஊசி மருந்து இல்ல. எட்டுப் பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர்கூடக் குளிர்ல சாவல.”

கொம்பையா சுவரில் சாய்ந்தான். முழங்கால் மறுபடி கடுக்க ஆரம்பித்தது. எங்கே ஆரம்பித்தது இந்தப் பாக்கி என்று கேட்டான், யாரையும் கேட்காத மாதிரி. ஒருவேளை அவனுக்கே பதில் தெரிந்திருக்கலாம்.

“நெசமாவே கேக்கியா?”

ஞானதுரை அலமாரியைத் திறந்து, பழைய கோப்பு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை அவன் முன்னால் வைத்தான். தமிழில்தான் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. பாத்தித் தொழிலாளர் வாக்குமூலம்: இப்பகுதியில் ஆண்டுக்குப் பத்து மாதம் வெயில் காயும். ஐப்பசி, கார்த்திகையிலும் பெருமளவு காயும். கீழே கொம்பையா என்று கோணலாக ஒரு கையெழுத்து.

அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கம்பெனி ஆட்கள் உடைமரத்து நிழலில் மேசை போட்டு உட்கார்ந்து, எத்தனை மாசம் வேலை நடக்கும் என்று கேட்டார்கள். நோட்டுப் புஸ்தகத்தோடு வருகிறவனிடம் உப்பளத்துக்காரன் எட்டு என்று சொல்ல மாட்டான். எட்டு என்று சொன்னவனுக்குக் கங்காணி எட்டு மாசத்துக்கான முன்பணம் கொடுப்பான். பத்து என்று சொன்னவனுக்குப் பத்து. ஐப்பசி பிறந்தால் மழை ஊற்றும், பாத்தி கடலாகும், கங்காணியே குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பத்து என்று சொன்னது பொய் என்று அவனுக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். அடுத்த தையில் பார்த்துக்கொள்வார்கள். மூன்று தலைமுறையாக இந்தக் கரையில் எல்லாரும் சொன்ன பத்து அது. மேசைக்காரர்களுக்கு அது பொய் என்று தெரியாது. அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

“நீ மட்டும் இல்ல வே. நானும் பத்துன்னுதான் சொன்னேன். பதினேழு அளத்துலயும் பத்துன்னுதான் சொன்னாங்க. அம்புட்டும் சேத்துக் கணக்குப் போட்டுத்தான் ஒப்பந்தம். வருஷத்துக்கு ரெண்டு மாசம் இல்லாத வெயிலை வித்திருக்கோம்.”

“மேல உள்ளவங்க மழைன்னு ஒண்ணு இருக்கறதைச் சொல்லலியா?”

“சொல்லுவாங்களா? பத்து மாசம்னா வளர்ச்சி கூடத் தெரியும்லா. அவங்களுக்கும் முன்பணம்தானே.”

கொம்பையா கோப்பை மூடி அவன் பக்கமாகத் தள்ளினான். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தான். ஊரைக் காப்பாற்றுகிற கெட்டிக்காரத்தனம் தனக்கு இல்லை, தனக்கு இருபது கட்டி வேண்டும் என்றான். ஒரு நாளைக்கு ஒன்று. உப்பு வீட்டில் இருக்கிறது. கொடுக்காவிட்டால் திருடுவேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே திருடுவேன்.

ஞானதுரை சிரிக்கவில்லை. ஒவ்வொரு கட்டிக்கும் நம்பர் உண்டு, ஒன்று குறைந்தாலும் யந்திரம் கத்தும் என்றான். ஒரே ஒரு வழி இருந்தது. குடும்பத்துக்கு முன்கட்டி என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு. அவசரத்துக்குக் கட்டி எடுத்துக்கொள்ளலாம், பிற்பாடு உழைத்து ஈடுகட்டலாம். திறவு கிடைக்காதவர்கள் கட்டியை வாங்கி என்ன செய்வார்கள், அதனால் அதை யாரும் கேட்டதே இல்லை. ஆனால் ஏற்கெனவே பாக்கி உள்ள பேரில் தராது. கணினியைத் தட்டிப் பார்த்தான். கொம்பையா பேரில் வீட்டுப் பாக்கி. பூரணம் பேரில் ஆஸ்பத்திரிப் பாக்கி, பிள்ளைக்காக ஏழு வருஷம் பார்த்த வைத்தியம். அக்காள் வாக்கப்பட்ட ஊரில் அவள் பேரும் நிறைந்துதான் இருக்கும்.

ஞானதுரை கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பாக்கி இல்லாத பேரு ஒன் வீட்டுல ஒண்ணுதான் இருக்கு.”

“அதுக்கு இன்னும் பேரே வைக்கலியே.”

“அதான் சொல்லுதேன்.”

பதினாறாம் நாள்தான் பேர் வைக்க வேண்டும். அதற்கு முன் வாய்விட்டுச் சொல்லவே கூடாது என்று பூரணம் சத்தியம் வாங்கியிருந்தாள். பேர் எப்போதோ முடிவானது. கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், குலசாமி கோயிலில் தொட்டில் கட்டியபோது, பெண் பிறந்தால் உன் பேர்தான் வைப்பேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். அவன் காதில் ஒரே ஒரு தடவை சொன்னாள். பதினாறாம் நாள் பிள்ளையின் காதில் மூன்று தடவை அவள் சொல்ல வேண்டும். அவனுக்கு அடுத்து அந்தப் பேரைக் கேட்கிறது பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

கொம்பையா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். யார்டில் நீலக்கோட்டுக்காரர்கள் கட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கையுறை இல்லாத கை ஒன்றுகூட இல்லை. வீட்டில் மூளிக்கட்டி இந்நேரம் ஆற ஆரம்பித்திருக்கும்.

“எழுதிக்கோ,” என்றான். “வெயிலுகந்தாள்.”

ஞானதுரையின் விரல் ஒரு நொடி நின்றது. அவனுக்கும் அதே குலசாமிதான். எழுத்துக்கூட்டித் தட்டினான். தகப்பன் பேர், ஊர், பிறந்த தேதி. ஒவ்வொன்றாகக் கேட்டது யந்திரம், ஒவ்வொன்றாகப் போட்டான். கடைசிக் கேள்வி வந்தபோது நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டான்.

“கடனாளி வேலைக்கு வரும் வயசுல, வருஷத்துக்கு எத்தனை மாசம் வெயில்ல நிப்பாள்னு கேக்குது.”

இந்தத் தடவை உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று கொம்பையாவுக்குள் ஏதோ ஒன்று கிடந்து முட்டியது.

“எட்டு,” என்றான்.

ஞானதுரை எட்டு என்று போட்டான். திரையைக் கொம்பையாவின் பக்கம் திருப்பிக் காட்டினான். அனுமதி: பதினாறு கட்டி.

பதினாறு. ரெஜினா சிஸ்டர் இருபது என்று சொல்லியிருந்தாள். கடைசி நாலு நாளைக்கு உப்புக் கலயத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனுக்கு அந்த உதடு நினைவுக்கு வந்தது, நீலத்திலிருந்து சிவப்பானது. அது மறுபடி நீலமாவதையும் நினைத்துப் பார்த்தான். அதற்கு மேல் அவன் எதையும் நினைக்கவில்லை.

“பத்துன்னு போடு.”

“மாப்ள.”

“போடுவே. பத்து.”

ஞானதுரை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டான். யந்திரம் ஒரு நொடி யோசித்து, சின்னதாக ஒரு மணி அடித்து, மேசை ஓரத்திலிருந்து ஒரு சீட்டைத் துப்பியது. அவன் அதைக் கிழித்துக் கொம்பையாவின் கையில் கொடுத்தான். இதை யார்டில் காட்டு, இன்றைக்கே முதல் கட்டியை எடுத்துக்கொள், கோணியில் சுற்றிக் கொண்டுபோ, அக்கா வாயைக் கட்டு என்றான். பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.

யார்டில் கொம்பையா கட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பத்துக் கிலோ. பிள்ளையைப்போல ஆறு மடங்குக்கு மேல். வாசலில் காவலாளி சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கடமைக்கு உரக்கப் படித்தான்:

“வெயிலுகந்தாள். தகப்பன் பேர் கொம்பையா. ஊர் பெரியளம். வயசு ஆறு நாள். தரவேண்டிய பாக்கி, இருபது நாள் வெயில்.”